இதயத்துக்கு வடு போடும் வைத்தியம்

மலேசியாவின் பாகான் செராய் வயல்களை நனைக்கும் தண்ணீர் புக்கிட் மேரா ஏரியிலிருந்து வருகிறது. அந்தக் கிரியான் பாசனத் திட்டம் முடிந்த ஆண்டு 1906. அதே ஆண்டில், ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஆய்வு செய்துவந்த சுனாவோ தவாரா என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு நூலை வெளியிட்டார். இதயத்தின் மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவே ஒரு சிறு தசைமுடிச்சு இருப்பதையும், மேலிருந்து வரும் மின்துடிப்பு கீழே இறங்க அதுவே வழி என்பதையும் அதில் விளக்கியிருந்தார். ஏரிக்கு மதகு எப்படியோ, இதயத்துக்கு அந்த முடிச்சு அப்படி. வந்ததையெல்லாம் திறந்துவிடாமல் நிறுத்தி, அளந்து விடும்.

மேலறைகளில் மின்னோட்டம் தறிகெட்டுச் சுழலும் நோய்க்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிக்கவேண்டிய மேலறைகள் இந்த நோயில் 350 முதல் 600 முறை அதிர்கின்றன. அந்த வேகத்தில் தசை சுருங்கி விரிய நேரமே இல்லை, சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். தவாராவின் முடிச்சு அந்த அதிர்வுகளில் ஒரு பங்கை மட்டும் கீழே விடுவதால்தான் நோயாளிகள் எழுந்து நடமாடுகிறார்கள். விடுவதிலும் ஒழுங்கு இராது. மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் இரண்டு துடிப்பு ஒட்டி வரும், பிறகு ஒரு இடைவெளி, பிறகு விரைவாக மூன்று. நெஞ்சு படபடக்கிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சிலர் டாக்டரிடம் போவார்கள். வேறு சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பக்கவாதம் வந்த பிறகுதான் தெரியவரும்.

பக்கவாதம் ஏன் வருகிறது? இடது மேலறையின் ஓரத்தில் விரல்போல நீண்ட ஒரு சிறு பை இருக்கிறது. மேலறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி நகர்ந்து மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடும். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு காட்டியது.

முதுமை, ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், உடல் பருமன், தைராய்டு மிகையாகச் சுரப்பது, உறக்கத்தில் மூச்சு தடைபடுவது, மது என்று காரணங்கள் பல. எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. சிறு வயதில் வரும் தொண்டைப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி இருந்து, மருந்தில்லாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு ரூமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியோடு போராடக் கிளம்பிய உடலின் எதிர்ப்புச் சக்தி இதயத்தின் மைட்ரல் வால்வையே தாக்கும். வால்வு தடித்து, இதழ்கள் ஒட்டி, வாய் குறுகும். ரத்தத்தைத் தள்ள முடியாமல் இடது மேலறை பல ஆண்டுகள் திணறி வீங்கும். தசை நடுவே நார்த் திசு படியும். நெருக்கமாக வாழும் இடங்களில் இந்தக் கிருமி எளிதாகப் பரவும். லயத்து வீட்டில், ஒரே அறையில் குடும்பமே படுத்துறங்கிய தோட்டத்துப் பிள்ளைகளை இதோடு சேர்த்து நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேளையோடு கொடுத்த பென்சிலின் பல இதயங்களைக் காத்திருக்கும்.

நார்த் திசு வழியாக மின்சாரம் போகாது. அதைச் சுற்றிக்கொண்டு போகும் ஓட்டம் உடைந்து, சுழன்று, வந்த இடத்துக்கே திரும்பித் தன்னைத்தானே மறுபடி தூண்டிக்கொள்கிறது. இப்படிச் சுழல இடம் வேண்டும். 1914-இல் வால்டர் கேரி என்ற அமெரிக்க ஆய்வாளர், நடுங்கிக்கொண்டிருந்த விலங்கு இதயத் தசையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார். ஓர் அளவுக்குக் கீழே போன துண்டுகளில் நடுக்கம் தானே நின்றுவிட்டது.

இந்த உண்மையை நோயாளிக்குப் பயன்படுத்த 73 ஆண்டுகள் ஆயின. 1987 செப்டம்பர் 25 அன்று, செயின்ட் லூயிஸ் நகரின் பார்ன்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் காக்ஸ் முதல் ‘மேஸ்’ (புதிர்வழி) அறுவையைச் செய்தார். இதயத்தை நிறுத்தி, உடலை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்து, மேலறைச் சுவர்களைக் குறித்த கோடுகளில் வெட்டி, மறுபடி தைத்தார். தையல் ஆறியதும் ஒவ்வொரு கோடும் மின்சாரம் கடக்காத வடுவாகியது. சுழல்வதற்கு எங்கும் இடம் இல்லை. துடிப்பு தொடங்கும் முடிச்சிலிருந்து தவாராவின் முடிச்சுக்குப் போக ஒரு வழி மட்டும் திறந்திருக்கும். கண்டபடி விழுந்த வடுக்கள் கெடுத்த இதயத்தை, கணக்குப் பார்த்துப் போட்ட வடுக்களால் சீராக்கியிருக்கிறார்! அறுவை வரலாற்றில் இதைவிட அழகான எண்ணம் ஒன்றை நான் படித்ததில்லை.

வெட்டித் தைப்பதற்கு நீண்ட நேரம் ஆகும், ரத்தமும் போகும். அதனால் 2002 முதல் ரால்ஃப் டாமியானோவின் குழு பெரும்பாலான கோடுகளை ரேடியோ அலை வெப்பத்தாலும் கடுங்குளிராலும் போட்டது. இதற்கிடையே 1998-இல் பிரான்சின் போர்டோவில் மிஷேல் ஹைசகேரின் குழு 45 நோயாளிகளை ஆராய்ந்து, நோயைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் ரத்தக் குழாய்களில் பிறப்பதைக் கண்டது. தொடைக் குழாய் வழியே கம்பி செலுத்தி அந்த நுரையீரல் குழாய்களின் வாய்களைச் சுற்றிச் சுடும் சிகிச்சை அதிலிருந்து வளர்ந்தது. மார்பைத் திறக்கும் மேஸ் அறுவை இன்று பெரும்பாலும் வால்வு அல்லது பைபாஸ் அறுவையோடு சேர்த்தே செய்யப்படுகிறது. அதன் பிறகு சிலருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படுவதும் உண்டு.

பாகான் செராயிலிருந்து வால்வு அறுவைக்குப் பினாங்குக்கோ, 1992-இல் தொடங்கிய கோலாலம்பூர் ஐ.ஜே.என். இதய மருத்துவமனைக்கோ போகிறவர்கள், துடிப்பும் சீரில்லாமல் இருந்தால், டாக்டரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: இதோடு மேஸ் கோடுகளும் போட முடியுமா? அந்தச் சிறு பையையும் அடைத்துவிட முடியுமா? பிற காரணத்துக்காக இதய அறுவைக்கு வந்த 4,700-க்கும் மேற்பட்ட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியானது. பையை அடைத்தவர்களில் 4.8 விழுக்காட்டினருக்கும், அடைக்காதவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ வேறிடத்தில் ரத்தக்கட்டி அடைப்போ வந்தது. அவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் தொடர்ந்து சாப்பிட்டுவந்தவர்கள். ஆகவே பையை அடைத்தாயிற்று என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ரூமாட்டிக் வால்வு நோயும் இருப்பவர்களுக்குப் பழைய மாத்திரையான வார்ஃபரின்தான் நல்லது. புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிட அதில் இறப்பு குறைவு என்று 24 நாடுகளில் நடந்த 2022-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியிருக்கிறது.