பெயரிடுதலும் பரிசளித்தலும்: கிராமியின் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' விருது

விருது என்பது திறமைக்குச் செய்யும் மரியாதை என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் மரியாதை செய்வதற்கு முன்பே ஆளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று யாரோ ஒருத்தர் தீர்மானித்துவிடுகிறார், இல்லையா? அமெரிக்க இசைத்தட்டுத் தொழில் வழங்கும் கிராமி விருதுகளில் 'சிறந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்' என்று ஒரு பிரிவு உண்டு. கறுப்பர்களின் இசைக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த இடத்தின் வரலாறு, வரிசை போடுகிற அதிகாரத்தின் வரலாறும்தான்.

முதலில் பெயர். 1920இல் மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி ப்ளூஸ்' விற்றுத் தீர்ந்த பிறகுதான், கறுப்பர்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. 'இன இசைத்தட்டுகள்' என்று தனியாகப் பட்டியல் போட்டு விற்றார்கள். தொழிலின் வாரப் பத்திரிகையான 'பில்போர்டு' தன்னுடைய கறுப்பின இசைப் பட்டியலுக்கு 1942இல் 'ஹார்லெம் ஹிட் பரேடு' என்று பெயர் வைத்தது. 1945இல் அதை 'ரேஸ்' என்று மாற்றியது. 1949இல் அங்கே வேலை பார்த்த ஜெர்ரி வெக்ஸ்லர் கொடுத்த பெயர்தான் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'. அதன்பின் 1969இல் 'சோல்', 1982இல் 'பிளாக்', 1990இல் திரும்பவும் 'ஆர் அண்ட் பி'. இசையின் இலக்கணம் நாற்பது வருஷத்தில் இத்தனை தடவையா தலைகீழானது? இல்லை. இந்தப் பெயர்கள் சுட்டியது இசையை அல்ல. பாடுகிறவரின், வாங்குகிறவரின் தோலை.

கிராமியை நடத்தும் அகாதமியை 1957இல் தொடங்கியவர்கள் இசைத்தட்டுக் கம்பெனி நிர்வாகிகள். 1959 மே மாதம் முதல் விழா. மொத்தம் 28 விருதுகளில் ரிதம் அண்ட் ப்ளூசுக்கு ஒன்றே ஒன்று. நாட் கிங் கோல், ஹாரி பெலஃபான்டே எல்லாம் போட்டியில் இருந்தார்கள். ஜெயித்தது 'டகீலா' என்ற வாத்திய இசை. அதில் வரும் வார்த்தையே அந்த ஒரு வார்த்தைதான். வாசித்த 'தி சாம்ப்ஸ்' கறுப்பர் குழுவும் அல்ல. நான்கு வருஷம் கழித்து, 1963இல், இதே விருது ரே சார்லஸுக்குப் போனது. அவர் பாடியதோ டான் கிப்சன் என்ற வெள்ளையர் எழுதிய 'கன்ட்ரி' பாட்டு. பாட்டு மாறவில்லை, பாடிய வாய் மாறியது, உடனே பெட்டியும் மாறிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் தரும் விருது. 'பாடல்' விருது வேறு. அது சொல்லையும் மெட்டையும் உருவாக்கியவருக்குப் போவது. இந்த வேறுபாடு அற்பமானதல்ல. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டைப் போட்டால் எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான் பணம். பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை 1967இல் அரேதா ஃபிராங்க்ளின் எடுத்து, ஒரு பெண்ணின் உரிமைக் குரலாகவே திருப்பிப்போட்டார். 1968 விழாவில் அதற்கு இரண்டு கிராமிகள் வாங்கினார். வானொலிப் பணம் மட்டும் அவர் பக்கம் வரவேயில்லை. குரலுக்குக் கைதட்டல், காகிதத்துக்குக் காசு!

ஆகவே 1969இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் 'பாடலுக்கு' என்று தனி விருது வந்தது, கறுப்பர்களைப் படைப்பாளிகளாகவும் ஏற்றுக்கொண்ட செயல் என்று சொல்லலாம். முதல் விருது 'டாக் ஆஃப் த பே' பாட்டுக்கு. எழுதியவர்கள் ஓட்டிஸ் ரெட்டிங்கும் வெள்ளை கிடார்க் கலைஞர் ஸ்டீவ் கிராப்பரும். 26 வயது ரெட்டிங் 1967 டிசம்பரிலேயே விமான விபத்தில் இறந்துபோயிருந்தார். பாட்டு பதிவானது மெம்பிஸ் நகரில். சில மாதம் கழித்து மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே ஊரில்தான்.

அடுத்த சில வருஷங்கள் பில் விதர்ஸ், நார்மன் விட்ஃபீல்டு – பேரட் ஸ்ட்ராங், ஸ்டீவி வொண்டர் என்று போகிறது பட்டியல். 1975இல் வென்ற 'லிவிங் ஃபார் த சிட்டி', மிசிசிப்பியில் பிறந்த ஒரு கறுப்பு இளைஞன் நியூயார்க்குக்கு வந்து சிறைக்குப் போகிற கதை. பிறகு ஒரு திருப்பம். 1977 முதல் 1980 வரை நான்கு வருஷம் தொடர்ச்சியாக விருது வாங்கிய எழுத்தாளர்கள் ஒருத்தர்கூடக் கறுப்பர் இல்லை. 1979இன் பாட்டைப் பாடியது டோனா சம்மர், 1980இன் பாட்டைப் பாடியது 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்'. குரல் கறுப்பு, காகிதம் வெள்ளை!

நிறம் பார்த்துப் பரிசைப் பிடுங்கச் சொல்லவில்லை. ரெட்டிங்கும் கிராப்பரும் சேர்ந்து எழுதியதைத்தான் பார்த்தோமே. பிரச்சினை வேறு: உள்ளே நுழைவது எளிது, வெளியேறுவது கடினம். கதவு பூட்டியே கிடந்தது என்றும் சொல்ல முடியாது. எழுபதுகளில் ஸ்டீவி வொண்டர் மூன்று தடவை 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' வாங்கினார். ஆனால் 1999இல் லாரின் ஹில் வாங்கிய பிறகு, அந்தப் பொது விருது இன்னொரு கறுப்புப் பெண்ணுக்குக் கிடைக்க 2025 ஆனது. 2017இல் பியான்சேயின் 'லெமனேட்' அதைத் தோற்று, 'அர்பன் கன்டெம்பரரி' என்ற பெட்டியில் ஜெயித்தது. அந்த 'அர்பன்' நாகரிகமாகச் சொல்லப்படும் ஒரு வசைதான் என்று 2020இல், கையில் விருதோடு, டைலர் த கிரியேட்டர் சொன்னார். அதே வருஷம் பெயரை மாற்றினார்கள். பெயரை மட்டும்.

அப்படியானால் பெட்டியையே உடைத்துவிடலாமா? 2011இல் அகாதமி விருதுப் பிரிவுகளை 109இலிருந்து 78 ஆகக் குறைத்தது. ரிதம் அண்ட் ப்ளூஸில் ஆண், பெண் பாடகர் பிரிவுகள் ஒன்றாயின. லத்தீன் ஜாஸ், ஹவாய் இசை, பூர்வகுடிகளின் இசை எல்லாம் தனியிடம் இழந்தன. லத்தீன் ஜாஸ் கலைஞர்கள் தெருவில் நின்று போராடி, அடுத்த வருஷமே தங்கள் பிரிவைத் திரும்ப வாங்கினார்கள். 'பொது' என்று அறிவித்துவிட்டால் பொதுவாகிவிடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2021இல் இன்னொன்று நடந்தது. இறுதிப் பட்டியலைப் பெரும்பாலான பிரிவுகளில் தீர்மானித்துவந்த ரகசியக் குழுக்களை, 'த வீக்எண்ட்' போன்ற கலைஞர்களின் எதிர்ப்புக்குப் பின் அகாதமி கலைத்தது. பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று நாம் வாதாடிக்கொண்டிருக்கிறபோது, அந்தப் பட்டியலை எழுதிய கைகள் யாருடையவை என்பது இத்தனை காலம் வெளியே தெரியாமலே இருந்திருக்கிறது.