'இளைச்சுப் போயிட்டியே': உணவு மீதான பயம் எப்போது நோயாகிறது?

பாறசாலை ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடக்கிறீர்கள். வழியில் பார்க்கும் சித்தி வேலையைப் பற்றி விசாரிப்பதில்லை. "என்ன மக்களே, இளைச்சுப் போயிட்டியே!" என்கிறார். பக்கத்து வீட்டுச் சேச்சி அதையே மலையாளத்தில் கேட்கிறார்: "க்ஷீணிச்சு போயல்லோ!"

கவனிச்சுப் பாருங்க. தமிழில் 'இளைத்தல்' என்றால் மெலிவது, களைத்துப்போவது இரண்டும்தான். மலையாள 'க்ஷீண'மும் சோர்வுதான். ஒருவர் மெலிந்தால் 'உடம்புக்கு என்னமோ' என்று பதறிய காலத்துச் சொற்கள் இவை. ஆனால் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் போனோடு வளர்ந்த பலருக்கு இன்று அது பாராட்டாகக் கேட்கலாம். சித்தியின் கவலைக்கும் கேட்பவரின் சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு நோய் கவனிக்கப்படாமல் போய்விடும்.

அது உயிரையும் எடுக்கலாம். 2025 மார்ச்சில் கேரளத்தின் வடக்கே, கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி ஒருவர், எடை கூடிவிடும் என்ற பயத்தில் மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இருந்து இறந்துபோனார். அவருக்கு இருந்தது 'அனோரெக்சியா நெர்வோசா' என்று மருத்துவர்கள் கூறியதாகச் செய்திகள் வெளியாகின.

இது வெறும் டயட் இல்லையா?

இல்லை. டயட்டில் இருப்பவர் வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். அனோரெக்சியாவில் உடல் எவ்வளவு மெலிந்தாலும், கண்ணாடியில் 'இன்னும் குண்டு' என்றே தெரியும். புலிமியாவில் கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டுவிட்டு, குற்ற உணர்வில் வாந்தியெடுப்பது, பட்டினி கிடப்பது, அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்வது என்று சுழல்வார்கள். அதே மாதிரி சாப்பிட்டுவிட்டு, இப்படி ஈடுகட்டாமல் அவமானத்தில் புழுங்குவது 'பிஞ்ச் ஈட்டிங்'.

ஆளைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. புலிமியா உள்ள பலர் சராசரி எடையில்தான் இருப்பார்கள். ஆண்களுக்கும் வரும்.

போன் மட்டும்தான் காரணமா?

மரபணு, பதற்றம், எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்ற குணம், உடம்பை வைத்துக் கேலி செய்யப்பட்ட அனுபவம் எனப் பல காரணங்கள் சேர்கின்றன. திரைக்கும் பங்கு உண்டு. ஃபிஜி தீவில் பூசினாற்போன்ற உடம்பே அழகு. அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. எடைக்காக வாந்தியெடுப்பதாக அப்போது எந்தப் பள்ளி மாணவியும் சொல்லவில்லை. 1998-ல் 11 சதவீதத்துக்கும் அதிகமானோர் சொன்னார்கள்.

"ஒழுங்கா சாப்பிடு" என்றால் போதாதா?

பட்டினியே மனதை மாற்றிவிடும் என்பதுதான் சிக்கல். 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிறு சாப்பிட்டார்கள். உடம்பைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாதவர்கள் அவர்கள். ஆனாலும் எந்நேரமும் உணவு நினைப்பு, சமையல் புத்தகம் படிப்பது, எரிச்சல், மனச்சோர்வு, தனிமை என்று மாறிப்போனார்கள். அதனால் இதைத் திமிர், பிடிவாதம் என்று திட்டிப் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. நீண்ட நாள் பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சரிந்து இதயமே பாதிக்கப்படலாம். கடுமையாக மெலிந்தவருக்கு மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

எதைக் கவனிக்கணும்?

"ஆபீஸ்லயே சாப்பிட்டாச்சு", "இன்னைக்கு விரதம்", "வயிறு உப்புசமா இருக்கு" என்று தினம் ஒரு காரணம். சாப்பிட்டவுடன் பாத்ரூம். மாதவிடாய் நின்றுபோவது, எப்போதும் குளிர்வது, பல் எனாமல் தேய்வது, தலைசுற்றல். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

எங்கே போவது?

முதல் படியாக 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணுக்கு அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி என்று வாழ்பவர்களுக்கு இது பெரிய உதவி. கேரள அரசின் 'திஷா' எண் 1056. நேரில் போக, திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியோ, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ இருக்கிறது.

மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவியல் நிபுணர் சேர்ந்து சிகிச்சை தர வேண்டிய நோய் இது. பதின்வயதினருக்குப் பெற்றோரையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. சீக்கிரம் தொடங்கினால் மீள்வதும் எளிது.

நீங்கள் ஊருக்குப் போகும்போது தம்பி, தங்கச்சியைப் பார்த்ததும் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம், கூடியிருந்தாலும் சரி, குறைந்திருந்தாலும் சரி. "சுகமா இருக்கியா?" என்று கேளுங்க. பதில் வரும் வரை பக்கத்திலேயே உட்காருங்க.