பெட்டியில் இல்லாத விமானம்

மாதிரி விமானம் என்றால் பெட்டியைத் திறந்து, பாகங்களை ஒட்டி, சாயம் பூசுவதோடு வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பெட்டியில் வரும் பாகம் உண்மையான விமானத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் என்ன செய்வது? அங்கேதான் கைவேலை ஆரம்பமாகிறது.

நம் நாட்டு விமானம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1969 முதல், அரச மலேசிய ஆகாயப்படைக்கு ஆஸ்திரேலியா சேபர் ரக ஜெட் போர் விமானங்களை வழங்கியது. அவை பட்டர்வொர்த் தளத்திலிருந்து பறந்தன. 1975-இல் எஃப்-5இ விமானங்கள் வந்து அவற்றின் இடத்தைப் பிடித்தன.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது அமெரிக்காவின் எஃப்-86 சேபர் பெட்டிதான். அதைச் செய்து மலேசியச் சின்னத்தை ஒட்டினால் போதாதா? போதாது. மெல்பர்னில் இந்த விமானத்தைக் கட்டிய ஆஸ்திரேலியர்கள், அமெரிக்க இயந்திரத்தை விட்டுவிட்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். அதற்குக் கூடுதல் காற்று தேவை. ஆகவே மூக்கிலுள்ள காற்று வாயை மூன்றரை அங்குலம் ஆழப்படுத்தினார்கள். ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் போய், இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் வந்தன. உடற்பகுதியில் பாதிக்கு மேல் மாறிப்போனது.

இனி கணக்கு. மூன்றரை அங்குலம் என்பது 89 மில்லிமீட்டர். 48-இல் ஒரு பங்கு அளவிலான மாதிரிக்கு, அதை 48-ஆல் வகுக்க வேண்டும். விடை 1.85 மில்லிமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் விமானத்தின் முகமே அதனால் மாறிவிடுகிறது.

மூக்கின் கீழ்ப்பகுதியை மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்து, இடையில் ஓர் ஆப்பைச் செருக வேண்டும். அது முன்னால் கனமாகவும், பின்னால் போகப் போக மெலிந்தும் இருக்க வேண்டும். காலாவதியான வங்கி அட்டையே இதற்குப் போதும். ஓர் அட்டையின் கனம் 0.76 மில்லிமீட்டர்; இரண்டைச் சேர்த்தால் ஒன்றரை. மீதியைப் புட்டி நிரப்பும். பெட்டிப் பாகங்களுக்கான பசை இந்த அட்டையைச் சரியாகப் பிடிக்காது. சூப்பர் குளூதான் வேண்டும். ஆறு துப்பாக்கித் துளைகளையும் புட்டியால் அடைத்து, காய்ந்ததும் மணல்தாளால் தேய்த்து, பக்கத்துக்கு ஒன்றாகப் புதிய துளை போட வேண்டும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது.

பாகான் நக்கோடா ஓமார் கரையில் படகின் ஓட்டையை அடைத்து, தேய்த்து, சாயம் பூசுவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இது புது வித்தையல்ல. விலை உயர்ந்த மாற்றுப் பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வசதி இல்லாதவர்களும் செய்யலாம். தேவையானவை அளவுகோல், நல்ல புகைப்படங்கள், பொறுமை ஆகியவையே.

சின்னம் மட்டும் மலேசியாவுடையதாக இருந்து, உருவம் வேறு நாட்டுடையதாக இருந்தால், பார்க்கும் பிள்ளை தவறான வரலாற்றையே கற்றுக்கொள்ளும். அந்த இரண்டு மில்லிமீட்டருக்காகப் பாடுபடுவது வீண் வேலையல்ல.