தோஜி கோயிலின் 21ஆம் தேதிச் சந்தை

ஜப்பானின் கியோட்டோ நகரில் தோஜி என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. மாதந்தோறும் 21ஆம் தேதி அதன் வளாகம் சந்தையாகிவிடும். ஞாயிறா, புதனா என்ற கணக்கில்லை. மழை பெய்தாலும் சந்தை கூடும். அந்தத் தேதியை வியாபாரிகள் குறிக்கவில்லை. ஒரு துறவியின் மறைவு குறித்தது. ஷிங்கோன் பௌத்தத்தை ஜப்பானில் நிலைநாட்டிய கூகாய், 835ஆம் ஆண்டின் மூன்றாம் மாதம் 21ஆம் தேதி மறைந்தார். பிற்பாடு அவருக்குக் கோபோ தாய்ஷி என்ற பட்டம் சூட்டப்பட்டது. ஊர் மக்கள் அன்போடு 'கோபோ-சான்' என்றார்கள். சந்தைக்கும் அதுவே பெயர்.

தோஜி 796இல் தொடங்கப்பட்டது. 823இல் பேரரசர் சாகா அதைக் கூகாயின் பொறுப்பில் விட்டார். கூகாயின் நினைவு வழிபாடு முதலில் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடந்தது. 13ஆம் நூற்றாண்டில் மாத வழிபாடாயிற்று. கும்பிட வந்தவர்களுக்குத் தாகம் எடுத்தது. வாசலில் தேநீர்க்காரர்கள் அடுப்பு மூட்டினார்கள். ஒரு கிண்ணம் ஒரு காசு. தெற்கு வாசல் முன் தேநீர் விற்றவர்கள் 1403இல் கோயிலுக்கு எழுதிக்கொடுத்த உறுதிமொழி, கோயிலின் பழைய ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. பெரிய வணிகர்களின் பெயர்கூட மறைந்துபோகும் உலகில், தேநீர் விற்றவர்களின் வார்த்தை அறுநூறு ஆண்டு தாண்டி நிற்கிறது.

இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் விரிகின்றன. கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து கால் மணி நேர நடை. சுமார் 55 மீட்டர் உயரமுள்ள ஐந்தடுக்கு மரக் கோபுரம் தொலைவிலேயே வழிகாட்டும். இப்போதுள்ள கோபுரம் 1644இல் எழுந்தது. பீங்கான் கிண்ணம், மூங்கில் கூடை, பழைய கடிகாரம், கத்தி, ஜெபமாலை, பூச்செடி, ஊறுகாய், சுடச்சுட மாவுப் பண்டங்கள் என எல்லாம் அருகருகே இருக்கும். நல்ல பழம்பொருள் வேண்டுவோர் விடிந்ததும் வந்துவிடுகிறார்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் கடை கட்டத் தொடங்குவார்கள்.

நின்று பார்க்கவேண்டியது ஜப்பானிய மரபுடையான கிமோனோவின் பழைய குவியல்களைத்தான். ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு சுருள் துணியிலிருந்து ஒரு கிமோனோ தைக்கப்படுகிறது. உடம்பின் வளைவுக்கேற்ப வெட்டுவதில்லை, எல்லாம் நேர்வெட்டு. ஆகவே தையலைப் பிரித்தால் துணி மறுபடி நீண்ட பட்டைகளாகக் கைக்கு வந்துவிடும். முற்காலத்தில் கிமோனோவை அப்படிப் பிரித்து, துவைத்து, விறைப்பாக இழுத்துக் காயவைத்து, மீண்டும் தைப்பார்கள். உடுத்தத் தகாத அளவு நைந்த கிமோனோவுக்கும் சந்தையில் விலை இருப்பது இதனால்தான். கைவினைஞர்கள் அதை ஆடையாகப் பார்ப்பதில்லை, துணியாகப் பார்க்கிறார்கள். அது பையாகவும் மெத்தை உறையாகவும் பொம்மைச் சட்டையாகவும் மாறுகிறது. நெய்தவர் போய் உடுத்தியவரும் போன பிறகு பட்டுக்கு மூன்றாவது கை கிடைக்கிறது.

ஜனவரி மாதச் சந்தை ஆண்டின் முதல் கோபோ, டிசம்பர்ச் சந்தை கடைசிக் கோபோ. இரண்டிலும் நெரிசல் அதிகம். டிசம்பரில் புத்தாண்டு அலங்காரங்களும் உப்பிட்ட மீனும் வாங்கக் குடும்பங்கள் திரளும்.

பழையது வேண்டாம், புதிய கைவேலை வேண்டும் என்பவர்களுக்கு நகரின் வடகிழக்கில், கியோட்டோ பல்கலைக்கழகத்துக்கு அருகே, சியோன்ஜி கோயிலில் 15ஆம் தேதிச் சந்தை இருக்கிறது. 1987இல் தொடங்கிய அந்தச் சந்தையில், விற்பவர் தம் கையால் செய்ததையே விற்கவேண்டும். மர வேலை செய்தவரிடமே மரத்தின் பெயரைக் கேட்டு வாங்கலாம்.

25ஆம் தேதி கிதானோ தென்மாங்கு ஆலயத்தின் முறை. அங்கே தெய்வமாக வணங்கப்படும் அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே பிறந்ததும் இறந்ததும் 25ஆம் தேதிகளில்தான். தோஜி சந்தைக்கும் இதற்கும் நான்கே நாள் இடைவெளி. கோபோவுக்கு வெயில் அடித்தால் இங்கே மழை கொட்டும் என்று கியோட்டோவாசிகள் சொல்வதுண்டு.