வூண்டா, வவுண்டா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆங்கிலப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டான். "இனிமேல் படிக்கமாட்டேன், சார்." டபிள்யூ-ஓ-யூ-என்-டி என்ற சொல்லை அவன் 'வவுண்ட்' என்று வாசித்ததற்கு வகுப்பே சிரித்ததுதான் காரணம்.

கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதினேன்: "த டிரெசர் வவுண்ட் எ பேண்டேஜ் ரவுண்ட் த வூண்ட்." டிரெசர் காயத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டார் என்று பொருள். இரண்டு இடத்திலும் எழுத்து அதேதான். சுற்றினார் என்றால் 'வவுண்ட்'. காயம் என்றால் 'வூண்ட்'. பிறப்பால் இவை வெவ்வேறு சொற்கள், எழுத்தில் ஒன்றாகிவிட்டன.

தமிழிலும் 'பாவம்' உண்டே! 'ஐயோ பாவம்' என்பதற்கும் நாட்டியத்தின் முக பாவத்திற்கும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. இதில் நம் பிள்ளைகள் தடுமாறுவதில்லை; பொருள் தெரிவதால் ஒலியும் தானே வருகிறது.

பெற்றோர்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறினால் சிரிக்காமல், "முழு வாக்கியத்தையும் படி, என்ன பொருள் என்று எனக்குச் சொல்" என்று கேளுங்கள்.

மறுநாள் அந்தப் பையனே எழுந்து வாசித்தான். யாரும் சிரிக்கவில்லை.