அந்த 125 ரூபாயை ஏன் கேட்க முடியவில்லை?

ஒரு கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்தது. வேலை ஏற ஏறச் செலவும் ஏறியது. நன்கொடைப் பட்டியல் ஒன்று சுற்றுக்கு வந்தது. ஒருவர் தன் பெயரை எழுதி, நேரே 125 ரூபாய் என்று போட்டார். பிறகு தரவில்லை. வழக்குப் போனது. கேட்டு வாங்க முடியாது என்று 1935-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னால், 1886-இல், கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு இதே மாதிரி ஒரு வழக்கு வந்தது. ஹவுராவில் நகர மண்டபம் கட்டப் பட்டியல் போட்டார்கள். நூறு ரூபாய் எழுதியவர் கையை விரித்தார். கொடுத்தே ஆக வேண்டும் என்றது அந்த நீதிமன்றம்.

இருவருமே எழுதிக் கொடுத்தவர்கள்தாம். இரண்டுமே பொதுக் காரியந்தான். சாமி காரியத்துக்கு ஒரு நியாயம், நகராட்சிக் கட்டடத்துக்கு ஒரு நியாயமா? டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம். இந்த முடிச்சு அவிழ்ந்தால் ஒப்பந்தச் சட்டத்தில் பாதி புரிந்துவிடும்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லா வாக்குக்கும் பின்னால் நீதிமன்றம் வந்து நிற்காது. எதற்கு வந்து நிற்குமோ அதற்குத்தான் ஒப்பந்தம் என்று பெயர். நம் நாட்டில் இதைச் சொல்லும் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சரக்கு விற்பனை பற்றிய பகுதி 1930-லும், கூட்டு வியாபாரம் பற்றிய பகுதி 1932-லும் தனித்தனிச் சட்டங்களாகிவிட்டன. அடித்தளம் இன்றும் பழையதுதான்.

வீடு வாடகைக்குப் பிடிப்பதை வைத்துப் பார்க்கலாம். வீட்டு வாசலில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்று பலகை தொங்குகிறது. அது வெறும் அழைப்பு. அதைப் பார்த்து வந்தவருக்கெல்லாம் வீட்டைக் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை. “மாதம் பதினைந்தாயிரம், அட்வான்ஸ் ஒரு லட்சம், சம்மதமா?” என்று உங்களிடம் அவர் கேட்கிறாரே, அதுதான் முன்மொழிவு. “சரி” என்று நீங்கள் சொல்வது ஏற்பு. “பதினாலுன்னா சரி” என்று சொன்னால் அது ஏற்பு ஆகாது. நீங்கள் புதிதாக ஒரு முன்மொழிவை வைத்து, அவருடையதைத் தள்ளிவிட்டீர்கள். அவர் உதட்டைப் பிதுக்கிய பிறகு, “சரி சரி, பதினைந்தே இருக்கட்டும்” என்று நீங்கள் திரும்பி வந்தால், அதற்குச் சம்மதிப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். ‘பத்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்’ என்று கடிதம் போட்டு யாரையும் மாட்டிவிடவும் முடியாது. பேசாமல் இருப்பது ஏற்பு அல்ல.

முன்மொழிவு இருக்கிறது என்றே தெரியாமல் அதை ஏற்கவும் முடியாது. 1913-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இது. முதலாளியின் மருமான் காணாமல் போனான். தேடிவரச் சொல்லி வேலைக்காரரை அனுப்பினார்கள். அவர் கிளம்பிய பிறகு, கண்டுபிடிப்பவருக்கு 501 ரூபாய் பரிசு என்று முதலாளி அறிவித்தார். வேலைக்காரர் பையனைக் கண்டுபிடித்தார். பரிசு பற்றிப் பின்னால்தான் அவருக்குத் தெரியவந்தது. கேட்டார், கிடைக்கவில்லை. தேடும்போது அவர் எந்த முன்மொழிவையும் ஏற்கவில்லை, தன் வேலையைத்தான் செய்தார் என்றது நீதிமன்றம். கேட்கும்போது மனசு கொஞ்சம் கசக்கும். ஆனால் கணக்கு அதுதான்.

முன்மொழிவும் ஏற்பும் சேர்ந்தால் வாக்குறுதி. அந்த வாக்குறுதிக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஏதாவது வர வேண்டும். வீட்டுக்காரர் வீட்டைத் தருகிறார், நீங்கள் வாடகை தருகிறீர்கள். ஒவ்வொருவர் தருவதும் மற்றவர் வாக்குக்கு ஈடு. இந்த ஈட்டுக்குச் சட்டத் தமிழில் மறுபயன் என்று பெயர். அது பணமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. ஒன்றைச் செய்வது, ஒன்றைச் செய்யாமல் விடுவது, செய்வேன் என்று வாக்களிப்பது எல்லாமே மறுபயன்தான். ஒரே நிபந்தனை: வாக்குக் கொடுத்தவரின் விருப்பத்தின் பேரில் அது நடந்திருக்க வேண்டும்.

இப்போது நன்கொடைப் பட்டியலுக்குப் போவோம். ஹவுராவில் பணம் சேர்ந்தால்தான் கட்டடம் என்பது நிலைமை. பெயர் எழுதியவர்களுக்கு அது தெரியும். அந்தப் பட்டியலை நம்பித்தான் கான்ட்ராக்டருக்கு வேலையைக் கொடுத்து, அவருக்குப் பணம் தரும் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். நூறு ரூபாய்க்காரருக்கு இதனால் சொந்த லாபம் எதுவும் இல்லாவிட்டாலும், அவர் விருப்பத்தின் பேரில் இன்னொருவர் சுமையேற்றார், அதுவே மறுபயன். கோயிலிலோ வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அது நடந்திருக்கும். வேலையைச் செய்யுங்கள் என்று அவர் கேட்டதாக எந்தச் சாட்சியமும் இல்லை. ஆகவே அந்த 125 ரூபாய் வெறும் வாக்காகவே நின்றுவிட்டது. சட்டம் கேட்ட கேள்வி, ‘அவர் எழுதினாரா?’ என்பதோடு முடியவில்லை. ‘அவர் எழுதியதை நம்பி, அவர் கேட்டதற்காக, யார் என்ன செய்தார்?’ என்றும் கேட்டது.

மறுபயன் வாக்கைப் பெறுபவரின் கையிலிருந்துதான் வர வேண்டுமா? இங்கிலாந்துச் சட்டம் ஆமாம் என்னும். நம் சட்டம் ‘வேறு யாரிடமிருந்தும் வரலாம்’ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. இதற்கு எல்லாப் பாடப்புத்தகமும் காட்டும் வழக்கு 1882-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. ஒரு மூதாட்டி தன் மகளுக்குச் சொத்தைத் தானமாக எழுதிவைத்தார். தன் உடன்பிறப்புக்கு ஆண்டுதோறும் 653 ரூபாய் கொடுத்துவர வேண்டும் என்று நிபந்தனை போட்டார். மகளும் அப்படியே கொடுப்பதாகத் தனியே எழுதிக் கொடுத்தார். பிறகு, “உங்களிடமிருந்து எனக்கு என்ன வந்தது, நான் ஏன் தர வேண்டும்?” என்றார். சொத்து தாயிடமிருந்து வந்ததே, அது போதும் என்றது நீதிமன்றம்.

மறுபயன் சரிசமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆயிரம் ரூபாய் பெறும் குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் மனமார ஒப்புக்கொண்டால் அது ஒப்பந்தம்தான் என்று சட்டமே எடுத்துக்காட்டுச் சொல்கிறது. ஆனால் விலை அவ்வளவு சரிந்திருந்தால், உண்மையிலேயே மனமார ஒப்புக்கொண்டாரா என்று நீதிமன்றம் திரும்பிப் பார்க்கும்.

மறுபயனே இல்லாமல் செல்லும் வாக்குகளும் சில உண்டு. மூன்றாண்டு தாண்டிக் காலாவதியான கடனை ‘தருகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும். நெருங்கிய உறவினருக்கு அன்பின் பேரில் எழுதி, பதிவும் செய்து கொடுத்தால் செல்லும். ஆனால் அன்பு உண்மையில் இருக்க வேண்டும். 1900-இல் கல்கத்தாவில் ஒரு கணவர், தமக்குள் நடந்த சண்டைகளையெல்லாம் பத்திரத்திலேயே குறிப்பிட்டு, பிரிந்து வாழும் மனைவிக்குப் பணம் தருவதாகப் பதிவு செய்து கொடுத்திருந்தார். இதில் அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

கணவன் மனைவி பேச்சு என்றதும் இலங்கை தொடர்புள்ள ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. இலங்கையில் அரசு வேலையில் இருந்த ஓர் ஆங்கிலேயர், உடல்நலத்துக்காக இங்கிலாந்திலேயே தங்கிய மனைவிக்கு மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொன்னார். பிறகு மணவாழ்க்கை முறிந்தது. மனைவி வழக்குத் தொடுத்தார். குடும்பத்துக்குள் பேசிக்கொள்ளும் இத்தகைய ஏற்பாடுகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகும் எண்ணத்தோடு யாரும் செய்துகொள்வதில்லை என்று 1919-இல் தீர்ப்பு வந்தது.

அடுத்தது சம்மதம். ‘சரி’ என்ற சொல் வாயிலிருந்து வந்தால் மட்டும் போதாது. அது சுதந்திரமாக வந்திருக்க வேண்டும். 1889-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கைப் படித்தால் நெஞ்சு பதறும். பதின்மூன்று வயதுப் பெண், கணவர் இறந்துவிட்டார். ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் மறித்தார்கள். அவள் சம்மதித்தாள். அந்தத் தத்து செல்லாது என்றது நீதிமன்றம்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அதே நீதிமன்றத்தில் இன்னொன்று. தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டி, மனைவியிடமும் மகனிடமும் தன் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் வாங்கினார் ஒருவர். இது வற்புறுத்தலா? தண்டனைச் சட்டம் தடுக்கும் செயலைச் செய்வதாக மிரட்டினால் வற்புறுத்தல் என்பது சட்டம். செத்தவரைத் தண்டிக்க முடியாது, ஆகவே தற்கொலை தடுக்கப்பட்டதல்ல என்று ஒரு நீதிபதி மாறுபட்டார். தண்டிக்க முடியாது என்பதால் தடுக்கப்படவில்லை என்று ஆகாது என்றார்கள் மற்ற இருவர். பத்திரம் நிற்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கிய சம்மதத்தால் ஆன ஒப்பந்தம், அப்படிச் சம்மதித்தவர் ரத்து செய்யக் கூடியது. அவர் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் உடைக்கலாம். ஆனால் மைனர் செய்த ஒப்பந்தம் பிறக்கும்போதே செல்லாதது. மைனர் ஒருவர் 20,000 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்த அடமானத்தில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு அமைப்பான பிரிவி கவுன்சில் 1903-இல் இதை உறுதி செய்தது. கடன் கொடுத்தவரின் வக்கீலுக்கு அந்த மைனரின் வயது தெரிந்தே இருந்தது.

இவ்வளவு நேரம் பேசியும் பத்திரத்தாள் பற்றி நான் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? பொதுவாக வாய்ப்பேச்சிலேயே ஒப்பந்தம் ஆகிவிடும். தாள் அதற்குச் சாட்சி. இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதியதால் செல்லாத ஒன்று செல்லத்தக்கதாகிவிடாது. ஆனால் நிலம், வீடு விற்பனைக்கு எழுத்தும் பதிவும் தேவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கும் பதிவு வேண்டும். பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் என்ற பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் வந்த பிறகு, பதினொரு மாதமானாலும் எழுதி வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

கடைசியாக, பேச்சு முறிந்தால் என்ன? நிலம், வீடு போன்றவற்றில் ‘சொன்னபடி கிரயம் செய்து கொடு’ என்று கேட்கலாம். ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு என்பார்கள். இன்னொரு வழி இழப்பீடு. முறிவினால் இயல்பாக வந்த நட்டம், அல்லது முறிந்தால் இந்த நட்டம் வரும் என்று இருவருக்கும் முன்பே தெரிந்திருந்த நட்டம், இவற்றைக் கேட்கலாம். சுற்றி வளைத்து வந்த தொலைதூர நட்டத்தைக் கேட்க முடியாது. குறைத்துக்கொள்ளக் கூடிய நட்டத்தை வளரவிட்டுவிட்டுக் கேட்கவும் முடியாது.

நம் ஊரில் சண்டை பெரும்பாலும் அட்வான்சில்தான். ‘குறித்த தேதிக்குள் கிரயம் முடிக்காவிட்டால் கொடுத்த பணம் திரும்பாது’ என்று எழுதிவிட்டால் முழுவதும் போய்விடுமா? டெல்லியில் 1949-இல் ஒரு பங்களாவை 1,12,500 ரூபாய்க்குப் பேசினார்கள். அச்சாரம் 1,000, வீட்டை ஒப்படைத்தபோது இன்னும் 24,000. வாங்குபவர் முடிக்காவிட்டால் 25,000-உம் பறிமுதல் என்று எழுத்து. கிரயம் நடக்கவில்லை. 1963-இல் உச்ச நீதிமன்றம் விற்பவரை அந்த ஆயிரத்தை மட்டும் வைத்துக்கொள்ள விட்டது. மீதி விலையின் பகுதி, அதைப் பறிப்பது தண்டனை. தண்டனைத் தொகை என்று எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், விற்பவருக்கு நட்டம் வந்ததாகவோ நிரூபணம் இல்லை என்றது. வாங்க வந்தவர் அந்த வீட்டில் இருந்த காலத்துக்கான தொகை தனிக் கணக்கு.

ஆகவே அடுத்த முறை நிலத்துக்கோ வீட்டுக்கோ முன்பணம் கொடுக்கும்போது, ‘அட்வான்ஸ் ஐந்து லட்சம் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரே வரியில் எழுதவிடாதீர்கள். அதில் எவ்வளவு அச்சாரம், எவ்வளவு விலையில் கழியும் தொகை, யார் பின்வாங்கினால் எது யாருக்கு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். விற்பவராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்.