ஹை டென்ஷன் பேஸ் கம்பி: பாக்கெட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கணக்கைப் பாருங்க

பேஸ் கிட்டாருக்கு ஹை டென்ஷன் கம்பி போட்டு மணிக்கட்டைக் கெடுத்துக்கிட்ட கதையை நியூஸ்லெட்டரில் எழுதுறேன்னு இந்த வார எபிசோடின் கடைசியில் சொல்லியிருந்தேன். அதுதான் இது. கிளவுட், கன்டெய்னர் எதுவும் இந்த வாரம் கிடையாது. கணக்கு மட்டும் உண்டு.

ஓஸ்லோவில் நாங்க அஞ்சு பேர் வார இறுதியில் சேர்ந்து வாசிக்கிறோம். பெரும்பாலும் இளையராஜா பாட்டுகள். சசிதரன் வாசிச்ச பேஸ் வரிகளை முடிஞ்ச அளவு காப்பி அடிக்கிறது என் வேலை. ஜனவரியில் ஒரு பொங்கல் விழாவுக்கு ஒத்திகை நடந்தது. பாடுற அக்காவுக்கு ஊர் யாழ்ப்பாணம். "தம்பி, இந்தப் பாட்டை ஒரு கட்டை இறக்கி வாசிப்பீங்களோ? எனக்கு மேல எட்டுதில்லை" என்றார். நானும் யோசிக்காமல் நாலு கம்பியையும் இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறக்கினேன். அடிக்கம்பி துணி காயப்போடுற கொடி மாதிரி தொளதொளன்னு ஆயிடுச்சு. அழுத்தி வாசித்தால் ஃபிரெட்டில் மோதி கரகரன்னு சத்தம்.

ஐடி ஆள் என்ன செய்வான்? பெரிய சர்வர் வாங்குவான். நானும் இருக்கிறதிலேயே தடிமனான செட்டை ஆர்டர் செஞ்சேன். தொளதொளப்பு போச்சு. ஆனால் மற்ற பாட்டுகள் பழைய சுருதியில்தானே? அதனால் கம்பியை மறுபடி மேலே ஏற்றி, அப்படியே மூணு வாரம் வாசித்தேன். நாலாவது வாரம் இடது கையால் கீபோர்டைத் தொட முடியலை. நான் மணிக்கணக்கில் பில் போடுற கான்ட்ராக்டர். நார்வேயில் சுயதொழில் செய்றவங்க தனியா இன்சூரன்ஸ் எடுக்கலைன்னா, நோய்க்கால உதவித்தொகையில் முதல் 16 நாளுக்கு ஒண்ணும் கிடைக்காது. அந்த ஓய்வு நாட்களில்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன்.

சுரமானி ஞாபகம் இருக்கா?

பள்ளி இயற்பியல் லேபில் மரப்பெட்டி மேல் ஒரு கம்பியைக் கட்டி, எடைக்கல் தொங்கவிடுவோமே, அந்த சுரமானிதான் விஷயம். அதன் விதிகளை மெர்சென் 1636-லேயே அச்சிட்டுவிட்டார். கம்பியின் இழுவிசையைத் தீர்மானிக்கிறது மூணே விஷயம்: ஒரு அலகு நீளத்துக்கு கம்பியின் எடை, அதிர்கிற நீளம், சுருதி.

இழுவிசை = அலகு நீளத்தின் நிறை × (2 × நீளம் × அதிர்வெண்)²

இதில் கவனிக்க வேண்டியது அந்த வர்க்கம். தம்புராவில் 1 கட்டைக்குக் கட்டின கம்பியை 5 கட்டைக்கு ஏற்றினால் சுருதி ஒன்றரை மடங்குதான், இழுவிசையோ இரண்டே கால் மடங்கு ஆகிவிடும். அதனால்தான் சுருதிக்குத் தகுந்த மாதிரி வேறு கம்பி பூட்டுவார்கள்.

ஆக, "ஹை டென்ஷன்" என்பது பாக்கெட்டுக்குள் இருக்கிற குணம் இல்லை. எந்த பேஸில், எந்த சுருதியில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதுக்கு அர்த்தம்.

என் கேஸின் கணக்கு

1951-ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்ததிலிருந்து, அதிர்கிற நீளம் 34 அங்குலம் என்பது வழக்கமாகிவிட்டது. என் பேஸும் அதே. முதலில் இருந்த செட் 45-65-80-100. இவை அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு தடிமன் என்கிற எண்கள். சாதாரண சுருதியில் நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஒரு ஆள் நாள் முழுக்கத் தொங்கிக்கிட்டு இருக்கிற மாதிரி.

ஒரு கட்டை இறக்கினால் எந்தக் கம்பியானாலும் இழுவிசை 21 சதவீதம் குறையும். அதனால்தான் தொளதொளப்பு. ஒரே வகைக் கம்பியில் எடை, தடிமனின் வர்க்கத்தை ஒட்டியே கூடும். 100-க்குப் பதில் 110 போட்டால் 21 சதவீதம் கூடும். இரண்டையும் பெருக்கினால் பழைய இழுவிசையில் 96 சதவீதம் திரும்பி வந்துவிடுகிறது. எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

நான் போட்டது 55-75-90-110. அதைச் சாதாரண சுருதிக்கு ஏற்றியபோது மொத்த இழுவிசை கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடி, 100 கிலோ பக்கம் போயிருக்கு. கழுத்து முன்பக்கம் வளைந்தது, கம்பி ஃபிரெட்டிலிருந்து இன்னும் உயரே போனது, விரல் இன்னும் அழுத்த வேண்டி வந்தது. மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

டென்ஷன் வேற, விறைப்பு வேற

கையில் உணர்கிற விறைப்பு முழுக்க இழுவிசை கிடையாது. கம்பியின் உள்ளே இருக்கிற நடு இழை அறுகோணமா வட்டமா, மேலே சுற்றினது உருண்டைக் கம்பியா தட்டைக் கம்பியா, எல்லாமே சேருது. தட்டைச் சுற்று என்றாலே விறைப்பு என்றும் நினைக்க வேண்டாம். வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் ஜாஸ் ஃபிளாட்ஸ் மெத்தென்று இருக்கும். லா பெல்லாவின் 52-110 இரும்பு மாதிரி நிற்கும். இரண்டுமே தட்டைச் சுற்றுதான். மோட்டவுனின் ஜேம்ஸ் ஜேமர்சன் அப்படிப்பட்ட கனத்த லா பெல்லாவை வைத்துத்தான் அத்தனை ஹிட்டும் வாசித்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர் டபுள் பேஸில் கை பழகி வந்தவர். நான் லேப்டாப்பில் கை பழகினவன்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

முதல் கேள்வி, உங்க பிரச்சனை என்ன? தாழ்ந்த சுருதியில் தொய்வு என்றால், எவ்வளவு இறக்குறீங்களோ அதைச் சரிக்கட்டுற தடிமன் மட்டும் போதும். ஒரு கட்டைக்கு 100 → 110. இரண்டு கட்டை இறக்கினால் இழுவிசை 37 சதவீதம் போகும், அதுக்கு 125 பக்கம் வேண்டும்.

இரண்டாவது, முழு செட்டும் தேவையா? பேஸ் கம்பி தனித்தனியாகவும் விற்கிறார்கள். அடிக்கம்பி ஒன்றை மட்டும் மாற்றி, அதை மட்டும் இறக்கி, பாட்டைப் புது சுருதிக்கு மாற்றி வாசிக்கலாம். நான் இப்போ செய்றது இதுதான். 5 கம்பி பேஸ் இருந்தால் இறக்கவே வேண்டாம். அதையும் 35 அங்குல நீளத்தில் எடுத்தால் அதே கம்பியில் 6 சதவீத இழுவிசை சும்மாவே கிடைக்கும்.

மூன்றாவது, டாடாரியோ மாதிரி சில கம்பெனிகள் ஒவ்வொரு கம்பிக்கும் இழுவிசை எண்ணை வெளியிடுகிறார்கள். பாக்கெட்டில் இருக்கிற "ஹெவி"யை விட்டுட்டு, இப்போ கையில் இருக்கிற செட்டோடு அந்த எண்ணை ஒப்பிடுங்க. 10 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் ஏற வேண்டாம்.

நாலாவது, தடிமனை மாற்றினால் கழுத்தையும் சரிபார்க்கணும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற இடைவெளி இருக்கான்னு பாருங்க. அதிகம் இருந்தால், கழுத்துக்குள் ஓடுற இரும்புக் கம்பியை ஒரு நேரத்தில் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்க. தலைப்பக்கம் கம்பி உட்காருற பள்ளத்தில் தடிமன் கம்பி நுழையலைன்னா திணிக்காதீங்க, ரிப்பேர் கடையில் கொடுங்க. இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டுக்குள் ஈரப்பதம் 20, 25 சதவீதத்துக்கு இறங்கிடும், அப்போ மரம் தானாகவே அசையும். அதனால் ஓஸ்லோக்காரங்க கம்பி மாற்றுகிற வேலையை ஜனவரியில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. ஃபிரெட்டில் அடிக்கிற சத்தத்துக்குப் பாதி காரணம் என் வலது கை. ஆம்ப்பில் வால்யூமைக் கூட்டி, விரலை லேசாக்கினதும் பாதி கரகரப்பு போயிடுச்சு. அதுக்கு ஒரு குரோனர்கூட செலவில்லை.

விழா நல்லபடியா முடிந்தது. அக்கா சுகமாகப் பாடினார். மணிக்கட்டும் இப்போ பரவாயில்லை. அடுத்த வாரம் வழக்கம்போல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவோம். உங்க பேஸில் என்ன தடிமன், எந்த சுருதி என்று பதில் போடுங்க, சேர்ந்து கணக்குப் போடலாம்.